இருவர் செல்ல ஒரு வண்டி: அட்வெஞ்சரா, ஸ்போர்ட் டூரரா?

காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 48, உயரம் 167 செ.மீ. 2016-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இன்றும் என்னிடம் நல்ல நிலையில் இருக்கிறது. பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றுவிட்டதால், கடந்த இரண்டு ஆண்டுகளாக நானும் என் மனைவியும் மாதம் ஒருமுறையாவது வெளியூர்ப் பயணம் சென்று வருகிறோம். கன்னியாகுமரி, வால்பாறை, ஏற்காடு, மேகமலை, தஞ்சைப் பக்கத்துக் கோயில்கள் ஆகியவை எங்கள் வழக்கமான இடங்கள். நான்குவழிச் சாலையில் இருவரும் பெட்டிகளுமாகச் செல்லும்போது என் பழைய வண்டி 80-ஐத் தாண்டினாலே திணறுகிறது. லாரியை முந்த வேண்டுமென்றால் அரை கிலோமீட்டர் முன்னதாகவே திட்டமிட வேண்டியிருக்கிறது. ஆகவே பெரிய வண்டி ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறோம்.

பல மாதங்கள் படித்து, இரண்டு வண்டிகளில் வந்து நிற்கிறேன். ஒன்று சுஸுகி வி-ஸ்ட்ராம் 800டிஇ. மற்றொன்று டிரையம்ஃப் டைகர் ஸ்போர்ட் 660. முன்னது அட்வெஞ்சர், அதாவது கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற உயரமான வண்டி; பின்னது ஸ்போர்ட் டூரர், அதாவது தார்ச்சாலையில் நெடும்பயணம் செல்வதற்கான வண்டி. வாழ்நாளில் ஒருமுறை மணாலியிலிருந்து லடாக்கின் லே நகரம் வரை செல்ல வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இவற்றில் எது எங்களுக்குப் பொருந்தும், எந்தக் காரணத்தால் பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முப்பந்தல்காற்று (நாகர்கோவில்)

வணக்கம் அண்ணா. நான் நான்கு ஆண்டுகளாக ஸ்போர்ட் டூரர் வகை வண்டி வைத்திருக்கிறேன். நாகர்கோவில், பெங்களூரு இடையே மட்டும் இருபது முறைக்குமேல் சென்று வந்திருப்பேன். நீங்கள் எழுதிய பட்டியலில் மேகமலையின் கடைசிப் பகுதியைத் தவிர மற்ற எல்லா வழிகளும் தார்ச்சாலைகள். தார்ச்சாலைக்கென்றே உருவாக்கிய வண்டியை விட்டு, பாறையிலும் மணலிலும் ஓட்டுவதற்காக உயர்த்திக் கட்டிய வண்டியை ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி.

காற்றைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் ஊர்ச் செய்தி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அதை நேரில் உணர விரும்புகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூலை மாதத்தில் ஒருமுறை வண்டி ஓட்ட வேண்டும். காற்றாலைகளை அங்கே வரிசை வரிசையாக நட்டிருப்பது காரணமில்லாமல் இல்லை. மலை மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் பக்கவாட்டுக் காற்று வண்டியை ஒரு தடம் தள்ளிவிடும். என் நண்பர் ஒருவர் மூன்று பெட்டிகளும் மாட்டிய உயரமான அட்வெஞ்சர் வண்டியில் என் முன்னால் சென்றபோது, அவர் சாய்ந்த நிலையிலேயே நேராகச் சென்றதைப் பின்னாலிருந்து பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. என் வண்டியும் அசைந்தது. ஆனால் எடை தாழ்வாக இருந்ததாலும், கைப்பிடி அகலம் குறைவு என்பதாலும் அசைவு சிறிதாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கமும் இதே நிலைதான்.

வளைவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் 17 அங்குல முன்சக்கரம் தரும் நம்பிக்கையை வேறு எதுவும் தராது.

கொல்லிமலை70 (நாமக்கல்)

நாகர்கோவில் நண்பரின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ‘தார்ச்சாலை’ என்ற ஒரே சொல்லில் அவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். நம் ஊரில் தார்ச்சாலை என்றால் என்ன என்பதை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஒழுங்காகச் சென்றுகொண்டிருப்போம். மேம்பாலப் பணி என்று திடீரென்று சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுவார்கள். அங்கே ஜல்லி, குழி, தேங்கிய நீர் எல்லாம் இருக்கும். ஊர் எல்லையில் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை இருட்டில் கண்ணுக்கே தெரியாது. பங்குனியில் டெல்டா மாவட்டச் சாலைகளில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், வாகனங்கள் ஏறி ஏறி உளுந்து உதிரட்டும் என்று. அந்தச் செடிப் பரப்பின் மேல் வண்டி ஓட்டுவது மணலில் ஓட்டுவதற்கு நிகர். இவற்றையெல்லாம் நீங்கள் தஞ்சைக் கோயில்களுக்குப் போகும் வழியில்தான் சந்திக்கப் போகிறீர்கள், லடாக்கில் அல்ல.

வி-ஸ்ட்ராம் 800டிஇ-யின் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 220 மி.மீ. இறங்கி ஏறும், டைகர் ஸ்போர்ட் 660-இல் அது 150 மி.மீ. அந்த 70 மி.மீ. வேறுபாட்டைக் காட்டுப் பாதைக்கானது என்று நினைப்பது தவறு. பார்க்காத வேகத்தடையில் 60 கி.மீ. வேகத்தில் ஏறும்போது உங்கள் மனைவியின் முதுகெலும்புக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது அந்த 70 மி.மீ.தான். டைகர் ஸ்போர்ட்டில் புகைபோக்கி எஞ்சினுக்கு அடியில் தொங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். இருவரும் பெட்டிகளும் ஏறிய பிறகு அது எவ்வளவு தாழும் என்பதைக் குனிந்து பாருங்கள்.

இன்னொன்று. நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு வகுத்த உச்ச வேகம் 80 கி.மீ. ஸ்போர்ட் டூரரின் உண்மையான பலம் 150-க்கு மேல்தான் வெளிப்படும். அந்தப் பலத்தை நம் நாட்டில் எங்கே பயன்படுத்தப் போகிறோம்?

காவிரிக்கரை (திருச்சி)

இருவருக்கும் நன்றி. உளுந்துச் செடி பற்றி எழுதியதைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. சென்ற ஆண்டு மன்னார்குடிக்குப் போகும் வழியில் அதிலேதான் எங்கள் வண்டியின் பின்சக்கரம் வழுக்கியது. எனினும் ஒரு குழப்பம்: 855 மி.மீ. இருக்கை உயரம் என் உயரத்துக்குச் சரிப்படுமா? டைகர் ஸ்போர்ட் 835 மி.மீ. என்கிறார்கள். 20 மி.மீ. வேறுபாடு அவ்வளவு பெரிதா?

ஸ்பானர்சாமி (கோயம்புத்தூர்)

கோவையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு வகை வண்டிகளும் என் கையில் வந்து போகின்றன. ஆகவே எந்தப் பக்கமும் சாயாமல், கையால் தொட்டுப் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இருக்கை உயரம். நிறுவனம் தரும் அளவு யாரும் உட்காராத வண்டியில் எடுத்தது. ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கும். சரியாக அமைத்த வண்டியில் மொத்த இயக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். 150 மி.மீ. இயக்கமுள்ள வண்டி சுமார் 50 மி.மீ. தாழும், 220 மி.மீ. இயக்கமுள்ளது 70 மி.மீ.க்கு மேல் தாழும். ஆகவே காகிதத்தில் தெரியும் 20 மி.மீ. வேறுபாடு, நீங்கள் உட்கார்ந்த பிறகு ஏறக்குறைய மறைந்துவிடும். பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் இருக்கையின் அகலம் மறையாது. தொடை அகன்று விரிந்தால் கால் தரையை அடையும் தூரம் கூடிவிடும். அதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். 230 கிலோ எடையும் மறையாது; டைகர் ஸ்போர்ட் 206 கிலோ. அந்த 24 கிலோ எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான், வண்டி ஓடும்போது அல்ல, நிற்கும்போது உங்களைச் சோதிக்கும்.

அடுத்தது முன்சக்கரம். என் கருத்தில் இந்த இரண்டு வகைகளையும் பிரிக்கும் உண்மையான கோடு இதுதான். உயரமோ முன்புறத்து அலகு போன்ற மூக்கோ அல்ல. வி-ஸ்ட்ராமின் 21 அங்குலச் சக்கரம் ஒரு குழியின் விளிம்பை மெல்லிய சரிவில் சந்திக்கிறது. டைகர் ஸ்போர்ட்டின் 17 அங்குலச் சக்கரம் அதே குழிக்குள் ஆழமாக இறங்கி விளிம்பில் மோதுகிறது. ஜல்லியிலும் மணலிலும் பெரிய சக்கரம் தன் வழியைத் தானே வைத்துக்கொள்ளும். அதே காரணத்தால்தான் வளைவில் அது சோம்பேறியாக இருக்கிறது: சுழலும் பெரிய சக்கரத்தைச் சாய்ப்பதற்கு அதிக உழைப்பு வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வும் வி-ஸ்ட்ராமில் 28 பாகை, டைகர் ஸ்போர்ட்டில் ஏறத்தாழ 23 பாகை. முன்னது நேர்கோட்டில் நிலைத்து நிற்கும். பின்னது நினைத்தவுடன் திரும்பும். டயர் அகலம் 90 மி.மீ.க்கு எதிராக 120 மி.மீ.; மழையில் தார்ச்சாலையில் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அந்த அகலத்தின் மதிப்புத் தெரியும். நீண்ட ஃபோர்க் பிரேக்கில் மூக்கைக் கவிழ்த்துக்கொள்வதும் உண்டு; பின்னால் இருப்பவர் ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து உங்கள் முதுகில் மோதுவார்.

மூன்றாவது, பலர் கேட்காத கேள்வி: பஞ்சர். வி-ஸ்ட்ராம் 800டிஇ-யில் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். டைகர் ஸ்போர்ட்டில் வார்ப்புச் சக்கரம், டியூப்லெஸ். சென்ற ஆண்டு திண்டிவனத்துக்கு அருகே ஒரு வாடிக்கையாளர் டியூப் உள்ள பெரிய வண்டியில் ஆணி ஏறி நின்றுவிட்டு என்னை அழைத்தார். அருகிலிருந்த பஞ்சர் கடைக்காரர் தொழிலில் கைதேர்ந்தவர்தான். ஆனால் சென்டர் ஸ்டாண்டு இல்லாத அத்தனை கனமான வண்டியின் பின்சக்கரத்தை எப்படிக் கழற்றுவது? எஞ்சினுக்கு அடியில் இரண்டு செங்கல், ஒரு பனங்கட்டை, பக்கத்து டீக்கடையிலிருந்து வந்த மூன்று பேர். தொலைபேசியில் நான் சொல்லச் சொல்ல, இரண்டரை மணி நேரம் ஆயிற்று. டியூப்லெஸ் டயராக இருந்தால், சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர் திரியைச் செருகிக் காற்றடித்துக் கால் மணி நேரத்தில் கிளம்பியிருக்கலாம். இருவர் பயணத்தில் மனைவியை வெயிலில் நிறுத்தி வைக்கும் நேரம் இது. அட்வெஞ்சர் வண்டிதான் என்று முடிவெடுத்தால் சென்டர் ஸ்டாண்டைக் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள்.

நெய்தல்வழி (தூத்துக்குடி)

இடையில் ஒரு சிறு கேள்வி. கவாஸாகி வெர்சிஸ் 650-ஐ யாரும் குறிப்பிடவில்லையே? உயரமான தோற்றம், 21 லிட்டர் டாங்க், எல்லாம் இருக்கிறதே.

ஸ்பானர்சாமி (கோயம்புத்தூர்)

அதைத்தான் நான் ‘மூக்கைப் பார்க்க வேண்டாம்’ என்று சொன்னேன், தம்பி. வெர்சிஸ் 650 பார்வைக்கு அட்வெஞ்சர் போல் இருக்கும்; ஆனால் இரு சக்கரங்களும் 17 அங்குலம், முன்சஸ்பென்ஷன் 150 மி.மீ. என் கணக்கில் அது ஸ்போர்ட் டூரர் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல வண்டி; இருக்கை உயரம் 845 மி.மீ.

பின்னிருக்கை (மதுரை)

நான் வண்டி ஓட்டுகிறவள் அல்ல. பதினோரு ஆண்டுகளாகக் கணவரின் பின்னால் அமர்ந்து சுமார் எழுபதாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்தவள். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் முன்னால் இருப்பவரைப் பற்றியே எழுதினீர்கள். திருச்சி அண்ணன் இருவருக்கான வண்டி கேட்டிருக்கிறார். ஆகவே அண்ணியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

உயரமான வண்டியில் ஏறுவது குதிரையில் ஏறுவதைப் போன்றது. இடதுகாலைப் பின்மிதியில் ஊன்றி, ஓட்டுநரின் தோளைப் பிடித்து எழுந்து, வலதுகாலைச் சுழற்றி அந்தப் பக்கம் போட வேண்டும். பின்னால் பெட்டி மாட்டியிருந்தால் அந்தக் காலுக்கு இடமே இருக்காது. பெட்டிக்கும் கணவரின் முதுகுக்கும் நடுவே இருக்கும் ஒரு சாண் இடைவெளியில் முழங்காலை மடக்கி நுழைக்க வேண்டும். அந்த நொடியில் என் முழு எடையும் வண்டியின் இடப்பக்கத்தில் இருக்கிறது. கணவரின் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் இல்லையென்றால் இருவரும் சாய்வோம். எங்கள் முதல் பெரிய வண்டியில் அவருடைய முன்பாதம் மட்டுமே தரையைத் தொட்டது. வீட்டு வாசலில் ஏறுவதில் சிக்கல் இல்லை. ஆனால் திருமங்கலத்தைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கின் சரிந்த தளத்தில் நான் ஏறும்போது வண்டி மெதுவாகச் சாய்ந்ததை இன்றும் மறக்கவில்லை. அடிபடவில்லை, ஆனால் அன்றிலிருந்து ஓராண்டு காலம், ஒவ்வொரு முறை ஏறும்போதும் என் கை நடுங்கியது.

இரண்டாவது, முழங்கால். பின்மிதி இருக்கைக்கு மிக அருகில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கும். இந்த விஷயத்தில் அட்வெஞ்சர் வண்டிகள் பொதுவாக மேலானவை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கால் நன்றாக நீளும். பழைய பாணி ஸ்போர்ட் டூரர்களில் பின்னால் இருப்பவரை உயரத்தில் குந்த வைத்திருப்பார்கள். காற்று முழுவதும் முகத்தில் அடிக்கும். டைகர் ஸ்போர்ட்டில் பின்னிருக்கை அவ்வளவு உயரமாக இல்லை, கைப்பிடிகளும் நன்றாக இருக்கின்றன என்று தோழி ஒருத்தி சொன்னாள். ஆனாலும் அண்ணி தாமே அமர்ந்து பார்க்க வேண்டும், அதுவும் பெட்டியோடு.

கொல்லிமலை70 (நாமக்கல்)

சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, நான் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுவது முறை என்று நினைக்கிறேன். என் பெயரே கொல்லிமலையின் 70 வளைவுகளிலிருந்து எடுத்தது. காரவள்ளியிலிருந்து அந்த மலையை நூறு முறையாவது ஏறியிருப்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், மேலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்தது. அது திரும்புவதற்கு முழுச் சாலையும் வேண்டும். ஆகவே நான் வளைவின் உள்பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. வலக்காலை ஊன்ற நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் சாலை சரிந்திருந்ததால் காலுக்குக் கீழே தரை இல்லை. அரை அடி தாழ்ந்து தரை வந்தபோது வண்டியின் எடை என்னைத் தாண்டிவிட்டது. என் உயரம் 174 செ.மீ. தனியாகத்தான் சென்றிருந்தேன். பேருந்திலிருந்து நடத்துநர் இறங்கிவந்து தூக்கிவிட்டார்.

அதற்காக என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதே வண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறேன், அதன் சஸ்பென்ஷனுக்காகவே ஓட்டுகிறேன். ஆனால் உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

சுங்கச்சாவடி (சென்னை)

லே பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2022-இல் சென்று வந்தேன். அட்வெஞ்சர் வண்டி வாங்குகிற பத்துப் பேரில் பலர் அந்த ஒரு பயணத்தை மனத்தில் வைத்துத்தான் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அது புரிந்துகொள்ளக்கூடிய ஆசை. அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்த பிறகு ரோதாங் கணவாயின் சேற்றைத் தவிர்த்துவிடலாம். பாரலாச்சா, தங்லங் போன்ற கணவாய்களில் உருகும் பனிநீர் சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. கூழாங்கற்கள் நிறைந்த அந்த ஓடைகளில் பெரிய முன்சக்கரம் உண்மையிலேயே உதவும். தாண்டி என்ற ஊரைக் கடந்தால் அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டரில் என்று சொல்லும் பலகை பல ஆண்டுகளாகப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம். டாங்க் அளவும் அங்கே பேசும்.

ஆனால் அங்கே வாடகைக்கு வண்டி கிடைக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன்தான் பெரும்பாலும் கிடைக்கும். 450 சிசி, 196 கிலோ, 200 மி.மீ. சஸ்பென்ஷன், அந்த நிலத்துக்கென்றே செய்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளிமாநிலத்தில் வாடகைக்கு எடுத்த வண்டியை லடாக்கின் உள்சுற்றுப் பயணங்களுக்கு ஓட்ட அங்குள்ள வாடகைச் சங்கத்தினர் விடுவதில்லை, ஆகவே லேவில் இறங்கி அங்கேயே எடுப்பது எளிது. திருச்சியிலிருந்து பெரிய வண்டியை ரயிலில் ஏற்றி, இறக்கி, திரும்பக் கொண்டுவரும் செலவையும் நாள்களையும் கணக்கிட்டால், பன்னிரண்டு நாள் வாடகை பெரிதாகத் தெரியாது. வாழ்நாளில் பன்னிரண்டு நாள்களுக்காக, மற்ற எல்லா நாள்களுக்கும் உரிய வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள் ஐயா.

முப்பந்தல்காற்று (நாகர்கோவில்)

விலையையும் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுகிறேன். வி-ஸ்ட்ராம் 800டிஇ 2024 மார்ச்சில் 10.30 லட்சம் ரூபாய்க்கும், டைகர் ஸ்போர்ட் 660 அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் 8.95 லட்சத்துக்கும் ஷோரூம் விலையில் அறிமுகமாயின. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு ஆகிவிட்டது. முன்பு செஸ் வரியோடு சேர்த்து 31 விழுக்காடாக இருந்தது. ஆகவே பழைய காணொளிகளில் சொல்லும் விலைகளை நம்ப வேண்டாம். எழுத்தில் விலைப்பட்டியல் வாங்குங்கள்.

ஸ்பானர்சாமி (கோயம்புத்தூர்)

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சரிவான இடத்தில் நின்று, அவரை இறங்கி ஏறச் சொல்லுங்கள். பிறகு ஒரு சந்தில் முழுக் கைப்பிடியையும் திருப்பி, கிளட்சை அரைப்பிடியில் வைத்து வட்டமடியுங்கள். மூன்றாவது, தெரிந்த வேகத்தடை ஒன்றில் வேகத்தைக் குறைக்காமல் ஏறுங்கள்.

இன்னொன்றும் எழுதத் தோன்றுகிறது. நாமக்கல் நண்பர் 150 மி.மீ. போதாது என்றார், அவர் கவலை நியாயமானது. ஆனால் உங்களிடம் இருக்கும் 2016-ஆம் ஆண்டு கிளாசிக் 350-இல் முன்ஃபோர்க் இயக்கம் 130 மி.மீ., பின்னால் 80 மி.மீ.தான். அந்த வண்டியில்தான் மன்னார்குடிக்கும் மேகமலைக்கும் போய்வந்திருக்கிறீர்கள். நீங்கள் குறைவு என்று அஞ்சுகிற வண்டி, பின்சக்கரத்தில் இப்போது உங்களிடம் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தருகிறது.

காவிரிக்கரை (திருச்சி)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும். சென்ற சனிக்கிழமை சென்னைக்குச் சென்று, ஒரே நாளில் இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் வி-ஸ்ட்ராம். ஓடத் தொடங்கிய பிறகு அதன் அருமையைச் சொல்லி முடியாது. எஞ்சின் 2,500 சுற்றிலேயே இழுக்கிறது. மூன்றாம் கியரில் போட்டுவிட்டு ஊர்க்குள் சுற்றலாம். வேகத்தடையில் வேகத்தைக் குறைக்காமல் ஏறினேன். வண்டி ஏறி இறங்கியது என்று தெரிந்ததே தவிர, உடம்பில் எதுவும் படவில்லை. நாமக்கல் நண்பர் சொன்னது ஒவ்வோர் எழுத்தும் உண்மை. ஸ்பானர்சாமி ஐயா சொன்னபடியே, நான் தனியாக அமர்ந்தபோது இருபாதங்களின் முன்பகுதியும் நன்றாகவே தரையில் பட்டன. பிறகு மனைவி ஏறும் முறை வந்தது. விற்பனையாளரிடம் கேட்டுப் பின்பெட்டியும் மாட்டச் செய்திருந்தோம். முதல் முயற்சியில் அவருடைய காலணி பெட்டியின் விளிம்பில் இடித்தது. இரண்டாம் முயற்சியில் ஏறிவிட்டார். ஏறிய பிறகு வசதியாக இருக்கிறது என்றார். ஆனால் நடைபாதை ஓரச் சரிவில் நிறுத்தி இறங்கச் சொன்னபோது, அவர் மிதியில் எழுந்து நின்ற அந்த ஒரு நொடியில் என் இடதுதொடை நடுங்கியதை நான் உணர்ந்தேன். அவரும் உணர்ந்திருக்கிறார். மதுரைச் சகோதரி எழுதியது அப்போது இருவருக்கும் ஒருசேர நினைவுக்கு வந்தது.

பிற்பகலில் டைகர் ஸ்போர்ட். மூன்று சிலிண்டர் எஞ்சின் மிருதுவானது. 81 பிஎஸ் திறன் என்பது எனக்கு நான் இருக்கிற நிலையில் கடல் போன்றது. வேகத்தடையில் உறைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வண்டியின் அடிப்பகுதி தரையில் தட்டவில்லை, ஆனால் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று வண்டி சொல்லிவிட்டது. மனைவி முதல் முயற்சியிலேயே ஏறினார். அதே நடைபாதைச் சரிவில் நிறுத்தினோம். அவர் எழுந்தார், இறங்கினார், திரும்ப ஏறினார், நான் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையே எழவில்லை. பின்னிருக்கையில் முழங்கால் சற்று அதிகம் மடங்குகிறது என்பது மட்டும் அவருடைய குறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் போதும் என்று அவரே சொன்னார்.

டைகர் ஸ்போர்ட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். கிளாசிக்கை விற்கவில்லை. துறையூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பூர்விக வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. அதற்கு அது போதும். லேவுக்கு அடுத்த ஆண்டு விமானத்தில் சென்று, அங்கேயே ஹிமாலயன் எடுப்பதாக ஏற்பாடு.

கொல்லிமலை70 (நாமக்கல்)

வாழ்த்துகள் அண்ணா. உங்கள் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில் சர்வீஸ் ரோட்டுக் குழியில் இறங்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் தொடை நடுங்கிய வண்டியை வாங்க வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு நாள் கொல்லிமலைக்கு வாருங்கள்; காரவள்ளியில் காத்திருக்கிறேன், சேர்ந்தே ஏறுவோம். உங்கள் வண்டி வளைவுகளில் என்னை விட்டுவிட்டுப் போகும். செம்மேட்டில் நான் வந்து சேரும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருங்கள்.

ஸ்பானர்சாமி (கோயம்புத்தூர்)

வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்சஸ்பென்ஷனின் பிரிலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். அதற்குக் கையால் திருகும் குமிழ் இருக்கிறது, கருவி தேவையில்லை. பின்சக்கர அச்சிலிருந்து நேர் மேலே வண்டியின் பின்பகுதியில் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டி, சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கிய நிலையில் ஒரு முறையும், நீங்கள் இருவரும் பெட்டிகளோடு அமர்ந்த நிலையில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு 50 மி.மீ. பக்கம் வரும்வரை குமிழைத் திருகுங்கள். எத்தனை சொடுக்கு என்பதை எண்ணிக் குறித்துக்கொண்டால், தனியாகச் செல்லும்போது அத்தனையும் திருப்பிவிடலாம். இதைச் செய்யாமல் இருவர் சென்றால் பின்பக்கம் அமுங்கி, முகப்பு விளக்கு மரக்கிளைகளைக் காட்டும். முன்சக்கரம் எடை குறைந்து வளைவில் மிதக்கும். நாமக்கல் நண்பர் எச்சரித்த அந்தப் புகைபோக்கியும் தேவையில்லாமல் தாழும்.

காவிரிக்கரை (திருச்சி)

குறித்துக்கொண்டேன் ஐயா. ஒட்டுத்தாளும் அளவு நாடாவும் மனைவியின் பொறுப்பு. வண்டி வரும் வெள்ளிக்கிழமை கிடைக்கிறது. முதல் சர்வீஸ் முடிந்த மறுவாரம் காரவள்ளியில் சந்திப்போம்.